நானும் அவளும் சேர்ந்து வாழ முடியுமா? செட்டிநாட்டு வாசகியின் கேள்விக்கு வக்கீல் பதில்

கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கிச் சொல்றேன். பேர், ஊர், வேலை எல்லாத்தையும் மாத்தியிருக்கேன், அக்கம்பக்கத்துல யாரும் படிச்சு அடையாளம் கண்டுபிடிச்சிரக் கூடாது.

வாசகிக்கு வயசு 24, மெய்யம்மைன்னு வச்சுக்குவோம். தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊர்ல நகரத்தார் வீடு, பங்காளிங்க எல்லாம் சென்னை, மலேசியான்னு போயிட்டதால முகப்பும் வளவும் பூட்டியே கிடக்குது, பின்கட்டுல அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), அப்பத்தா, அண்ணன், இவங்கன்னு அஞ்சு பேர். எம்.காம் முடிச்சிட்டு காரைக்குடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. அவங்க விரும்புற பொண்ணு செல்விக்கு 23, ஆத்தங்குடி, அப்பா டைல்ஸ் பட்டறையில கூலிக்கு கல்லு போடுறவர், செல்வி ஒரு தனியார் ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியன். காலேஜ் பஸ்ல ஆரம்பிச்ச பழக்கம், நாலு வருஷமாச்சு. செல்வி வீட்டுக்கு வருவா, அப்பத்தாவுக்கு சுகர் டெஸ்ட் எடுத்துக் குடுப்பா, எல்லாருக்கும் அவ "மெய்யம்மை ஃப்ரெண்டு".

தீபாவளிக்கு முன்னாடி பட்டாலையில சார்ஜ் போட்டு வச்சிருந்த போன்ல வந்த மெசேஜை ஆத்தா பார்த்துட்டாங்க. சத்தம் போடலையாம், போனை எடுத்து இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு "இனிமே அந்தப் புள்ள இந்தப் படியேறக் கூடாது"ன்னு மட்டும் சொன்னாங்களாம். அதுக்கப்புறம் அண்ணன் தான் பைக்ல ஆபீஸ்ல கொண்டு வந்து விட்டு கூட்டிட்டுப் போறாரு, ஏடிஎம் கார்டும் அவர்கிட்ட. சென்னையில வேலை பார்க்குற ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடிச்சு, தை மாசம் கல்யாணம்னு வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி மதுரையில "இதை சரி பண்ற" ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு பேச்சு. செல்வியை அண்ணன் பஸ் ஸ்டாண்டுல மறிச்சு, சாதிப் பேரைச் சொல்லித் திட்டி, "உங்கப்பனைப் பட்டறையை விட்டே தூக்கிருவேன், உன்னைக் கண்மாயில கொன்னு போட்ருவேன்"னு மிரட்டியிருக்காரு.

வாசகியோட கேள்விங்க இது தான்: இது குற்றமா, போலீஸ் பிடிக்குமா? பல்லவன் ரயில்ல ஏறி சென்னை போய் ஒரு கோயில்ல மாலை மாத்திக்கிட்டு பதிவு பண்ணிட்டா பாதுகாப்பா? செல்வி மேல கடத்தல் கேஸ் போடுவாங்களா? இல்ல, பேசாம கல்யாணம் பண்ணிக்கிட்டு கொஞ்ச நாள் கழிச்சு டைவர்ஸ் வாங்கிரலாமா?

மெய்யம்மை, அக்கான்னு கூப்பிட்டு எழுதியிருக்க, அதனால நீன்னே எழுதுறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தான் படிப்பேன்னு சொல்லியிருக்க, படிச்ச கையோட ஹிஸ்டரியை அழிச்சிரு, பிரிண்ட் எதுவும் எடுத்து பையில வச்சுக்காத.

சட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. மூணாவது பக்கத்துல நடுவுல ஒரே ஒரு வரி எழுதியிருக்க, "ஊரணிப் பக்கம் நடக்குறப்ப சில நாள் வேற மாதிரி தோணுது"ன்னு. அதை நான் படிக்காத மாதிரி தாண்டிப் போக மாட்டேன்ம்மா. அந்த நினைப்பு வர்ற அன்னைக்கு தனியா இருக்காத, ஆபீஸ் போன்லருந்து 14416-க்கு அடி, டெலி மானஸ்னு அரசாங்கத்து நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பேர் சொல்ல இஷ்டமில்லன்னா சொல்ல வேணாம். இப்பவே செஞ்சிரணும் போல தோணுச்சுன்னா 112, இல்லன்னா பக்கத்துல இருக்குறவங்க கையைப் பிடிச்சு சொல்லிரு. செல்விகிட்டயும் இந்த நம்பரைக் குடு, அவளும் உன்னை மாதிரியே உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு தான் இருப்பா. கீழ எழுதப்போற எல்லாமே நீங்க ரெண்டு பேரும் உயிரோட இருந்தா தான் ஆகும்.

குற்றமா, போலீஸ் பிடிக்குமா?

குற்றம் இல்ல. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி பெஞ்ச், வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட வச்சுக்கிற உறவு ஐபிசி 377-வது பிரிவுல ("இயற்கைக்கு மாறான உறவு"ன்னு தண்டிக்குற பிரிவு) வராதுன்னு தீர்ப்பு குடுத்துருச்சு. 2024 ஜூலை 1-லருந்து பழைய ஐபிசிக்குப் பதிலா வந்திருக்குற பாரதிய நியாய சன்ஹிதால அந்தப் பிரிவே கிடையாது. உன்னையும் செல்வியையும் "இப்படி இருக்கீங்க"ன்னு சொல்லி எந்த ஸ்டேஷன்லயும் ஒரு எஃப்ஐஆர் கூட போட முடியாது.

ஆனா வீட்டை விட்டுப் போனா வீட்டுல "பொண்ணைக் காணோம்"னு கம்ப்ளெயின்ட் குடுப்பாங்க, அது நிச்சயம். அப்ப என்ன ஆகும்னு தான் நீ பயப்படுற. உங்களை மாதிரியே மதுரையிலருந்து ரெண்டு பொண்ணுங்க சென்னைக்குப் போனாங்க, ரெண்டு வீட்டுலயும் காணோம்னு கம்ப்ளெயின்ட் குடுக்க போலீஸ் தேடி வந்துச்சு, அவங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. சுஷ்மா வழக்குன்னு சொல்லுவோம். 2021 ஜூன் 7-ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவுல, காணோம்னு வந்த புகாரை விசாரிக்கும்போது அவங்க வயசு வந்தவங்க, விருப்பப்பட்டு சேர்ந்து இருக்காங்கன்னு தெரிஞ்சா வாக்குமூலம் வாங்கிட்டு புகாரை முடிச்சிரணும், தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. தனக்கு இந்த விஷயம் புரியணும்னு ஒரு மனநல நிபுணர்கிட்ட தானே உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதா அந்த நீதிபதியே பதிவு பண்ணியிருக்காரு, அந்த மனசை நான் ரொம்ப மதிக்கிறேன். அந்த வழக்கைத் தொடர்ந்து 2022-ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியையே திருத்தி, உங்களை மாதிரி இருக்குறவங்களைப் போலீஸ்காரங்க துன்புறுத்தக் கூடாதுன்னு சேர்த்தாங்க.

சட்டம் இப்படி இருந்தும் லோக்கல் ஸ்டேஷன்ல நடக்குறது வேற மாதிரி இருக்கலாம், அதையும் மறைக்க மாட்டேன். வேலூர் பக்கத்து வழக்கு ஒண்ணுல, 25 வயசுப் பொண்ணை போலீஸே பெத்தவங்களோட போகச் சொல்லி அனுப்பிருச்சு, வீட்டுல வச்சு அடிச்சு, "நார்மல்" ஆக்குறோம்னு சடங்கெல்லாம் செஞ்சதா அந்தப் பொண்ணு கோர்ட்ல சொல்லுச்சு. அவளோட தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவுல (அடைச்சு வச்சவங்களைக் கோர்ட் முன்னாடி கொண்டு வரச் சொல்லிக் கேட்குற மனு) 2025 மே 22-ஆம் தேதி நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் பெஞ்ச் அந்தப் பொண்ணு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டு போலீஸையும் கண்டிச்சுது. கல்யாணம் மட்டும் தான் குடும்பம் ஆகுறதுக்கு வழின்னு இல்ல, தானா தேர்ந்தெடுத்துக்குற குடும்பமும் குடும்பம் தான்னு அந்தத் தீர்ப்பு பேசுது. உன்னை வீட்டுல அடைச்சு வச்சா செல்வி இதே மாதிரி மதுரை கிளையில மனு போடலாம், சிவகங்கை மாவட்டம் அங்க தான் வருது. "நீ அவளுக்கு என்ன உறவு"ன்னு குடைஞ்சு கேட்கக் கூடாது, பொண்ணை நீதிபதி வீட்டார் இல்லாம தனியா விசாரிக்கணும், மனசை மாத்துற கவுன்சலிங்குக்கெல்லாம் அனுப்பக் கூடாதுன்னு 2024 மார்ச் 11-ல சுப்ரீம் கோர்ட்டே எல்லா கோர்ட்டுக்கும் வழிகாட்டுதல் குடுத்திருக்கு.

இதுல ஒண்ணே ஒண்ணு உன் கையில இருக்கு. நீதிபதி முன்னாடி நிக்கும்போது அழுகை வரும், ஆத்தா வெளிய நின்னு அழறது கேட்கும், அப்பவும் "நான் என் இஷ்டத்துல தான் போனேன், வீட்டுக்குப் போக விருப்பமில்ல"ன்னு நீ வாயைத் திறந்து சொல்லணும். நீ தயங்கி நின்னா எவ்வளவு நல்ல தீர்ப்பு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

கோயில்ல மாலை மாத்திக்கிட்டா?

இங்க தான் நீ தப்புக் கணக்கு போடுற. மாலை மாத்திக்கிறது உங்க ரெண்டு பேர் மனசுக்கு, அதை வேணாம்னு சொல்ல நான் யாரு, ஆனா சட்டத்துல அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. 2023 அக்டோபர் 17-ல சுப்ரீம் கோர்ட் ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துருச்சு, பார்லிமென்ட் தான் செய்யணும்னு விட்டுட்டாங்க, மறுசீராய்வு மனுவும் 2025 ஜனவரில தள்ளுபடி ஆயிருச்சு. ஐயர் இல்லாம பண்ணிக்கிற சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் தானேன்னு கேட்டிருக்க, அதுக்கான இந்து திருமணச் சட்டத்து 7-ஏ பிரிவும் கணவன் மனைவின்னு தான் சொல்லுது. யாராவது ஏஜென்ட் காசு வாங்கிக்கிட்டு பதிவு பண்ணி சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன்னு சொன்னா நம்பாத, பணம் தான் போகும்.

அப்ப உன்னைக் காப்பாத்துறது எதுன்னா, நீ 24 வயசு வந்த ஒரு மனுஷிங்கிறது. சட்டம் உங்களை ஜோடியா பார்த்து பாதுகாக்கலை, தனித்தனியா சுதந்திரமா இருக்க வேண்டிய ரெண்டு பேரா தான் பாதுகாக்குது. கல்யாணம்ங்கிற ஒரே காகிதம் மத்தவங்களுக்கு தானா குடுக்குற எல்லாத்தையும் நீங்க சின்னச் சின்ன காகிதமா எழுதி எழுதி சேர்க்கணும். ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்கலாம், ஒருத்தருக்கொருத்தர் நாமினி போடலாம், அதுக்குத் தடை இல்லன்னு 2024 ஆகஸ்ட்ல மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியிருக்கு. ரேஷன் கார்டுலயும் ஒரே வீட்டாளா சேர்க்கலாம்னு மாநிலங்களுக்கு எழுதியிருக்காங்க. உயில் எழுதலாம், ரெண்டு சாட்சி போதும். வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரும் போடுங்க. ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து வீடெடுத்துத் தங்குறது சென்னையில யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத விஷயம், அதுல சட்டப்படி எந்தத் தப்பும் இல்ல.

நம்ம பக்கத்துக் கல்யாணத்துல ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உக்காந்து இசைகுடிமானம்னு கல்யாண உடன்படிக்கை எழுதுவாங்கல்ல, எழுத்துல இருந்தா தான் பேச்சுக்கு மரியாதைன்னு வாழ்ந்த சனம் நம்மளது. 2023 நவம்பர்ல அதே சுஷ்மா வழக்குல, இப்படி சேர்ந்து வாழ்றவங்க தங்களுக்குள்ள ஒரு குடும்ப ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ண அரசாங்கம் வழி செய்யலாம்னு ஹைகோர்ட் யோசனை சொல்லியிருக்கு. அது யோசனை தான், சட்டமாகலை, அதை நம்பி எதையும் முடிவு பண்ணாத.

"கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்"

வேணாம்ம்மா. உன் கடிதம் முழுக்க எனக்கு ரொம்பப் பயம் குடுத்தது இந்த வரி தான்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாம சாதாரணமா டைவர்ஸ் மனுவே போட முடியாது. ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்குறதுக்கும் ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், அப்புறம் கோர்ட் குடுக்குற ஆறு மாச அவகாசம், அதை சில கேஸ்ல தள்ளுபடி பண்ணுவாங்க, எல்லாத்துலயும் இல்ல. மாப்பிள்ளை சம்மதிக்கலன்னா வருஷக்கணக்கா இழுக்கும். அந்த நாளெல்லாம் நீ அவர் வீட்டுல, அவர் ரூம்ல இருக்கணும். 18 வயசுக்கு மேல இருக்குற மனைவியை புருஷன் விருப்பமில்லாம தொட்டா அதை பலாத்காரம்னு நம்ம சட்டம் இன்னும் சொல்லலை, இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, நான் சொல்லியாகணும். குழந்தை ஆயிருச்சுன்னா அப்புறம் நீ எடுக்குற எந்த முடிவும் உன் ஒருத்தியோட முடிவா இருக்காது.

அந்தப் பையனையும் நினைச்சுப் பாரு. அவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அவர் ஒரு தப்பும் பண்ணலை.

கல்யாணத்தை நிறுத்த உன் காதலை யார்கிட்டயும் சொல்லணும்னு அவசியமே இல்ல, இதையும் நீ தப்பா புரிஞ்சு வச்சிருக்க. "எனக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதம் இல்ல"ங்கிற ஒரு வாக்கியம் போதும், காரணம் கேட்டா "வேலை பார்க்கணும், இப்ப வேணாம்"னு சொல்லு. மாப்பிள்ளை நம்பர் கிடைச்சா அவருக்கே ஒரு மெசேஜா அனுப்பி வை, செல்வி பேரு அதுல வரவே கூடாது. சம்மதமில்லன்னு எழுத்துல இருந்தா நாளைக்கு வற்புறுத்திக் கட்டி வச்சாலும் அந்தக் கல்யாணத்தை செல்லாதுன்னு கேட்குறதுக்கு அது ஆதாரம்.

மதுரை டாக்டர்

இது நோய் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லயே நோய்ப் பட்டியல்லருந்து எடுத்துருச்சு, இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல இது நோய் இல்லன்னு அறிவிச்சாச்சு. "மாத்திக் காட்டுறேன்"னு எந்த டாக்டராவது வைத்தியம் பார்த்தா அது தொழில் ஒழுங்கீனம்னு 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் சொல்லியிருக்கு, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுக்கலாம். உன்னை வலுக்கட்டாயமா கூட்டிட்டுப் போனாலும் டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு கேளு, நீ சம்மதிக்காம ஊசி மாத்திரை எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லு.

இதோட ஒரு காரியம் இந்த வாரமே பண்ணு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 14-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வயசு வந்த யாரும் ஒரு வெள்ளைத் தாள்ல "மனநல சிகிச்சை விஷயத்துல எனக்கு நியமனப் பிரதிநிதி இன்னார்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம், எழுதலைன்னா அந்த இடத்துக்கு தானாவே சொந்தக்காரங்க வந்துருவாங்க. செல்வி பேரையோ நம்பிக்கையான வேற ஒருத்தர் பேரையோ எழுதி, தாளை அவகிட்டயே குடுத்து வை, போட்டோவும் எடுத்து வைக்கச் சொல்லு. வலுக்கட்டாயமா அட்மிட் பண்ணப் பார்த்தா அந்தத் தாள் தான் முதல் தடை.

செல்விக்கு வர்ற ஆபத்து உன்னோடதை விடப் பெருசு

மெய்யம்மை, நீ நாலு பக்கம் உன் வீட்டைப் பத்தி எழுதியிருக்க, செல்வி வீட்டைப் பத்தி நாலு வரி தான். "அவங்க வேற ஆளுங்க"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்ட. உன்னைத் தப்பு சொல்லலை, பூட்டி வச்சிருக்கும்போது தன் கதவு தான் கண்ணுக்குத் தெரியும். ஆனா பிடிபட்டா உனக்குக் கிடைக்கப் போறது அடியும் அழுகையும் அவசரக் கல்யாணமும், செல்விக்கு அப்படி இல்ல. சிமெண்டுல கையெல்லாம் வெடிச்சுப் போயி கல்லு போடுற அவ அப்பாவோட கூலி உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச முதலாளி கையில இருக்கு. உங்க அண்ணன் சொன்னதை கோவத்துல சொன்னதுன்னு விட்டுறாத, சாதி தாண்டின காதலுக்காக உயிர் போன ஊர் நம்ம ஊர், ரெண்டு பொண்ணுங்கங்கிறதால அந்தக் கோவம் குறையாது.

கடத்தல் கேஸ் நிக்காது. 18 வயசுக்குக் கீழ இருந்தா தான் பெத்தவங்க பொறுப்புலருந்து கடத்துறதுங்கிற பேச்சே வரும், வயசு வந்தவங்க விஷயத்துல பலவந்தமோ ஏமாத்தோ இருந்தா தான் கேஸ். அனுபவத்துல பார்த்தா வீட்டார் கையில எடுக்குறது திருட்டு கேஸ் தான், "நாப்பது பவுனை எடுத்துட்டுப் போயிட்டாங்க"ன்னு செல்வி பேரைச் சேர்த்து எழுதிக் குடுப்பாங்க. அதனால கழுத்துல காதுல போட்டிருக்குறது தவிர ஒரு பொட்டுத் தங்கம் எடுக்காத, அதையும் முடிஞ்சா கழட்டி வச்சிட்டு ஒரு வீடியோ எடுத்துரு. உனக்குன்னு சின்ன வயசுலருந்து சேர்த்து வச்ச நகையும் பாத்திரமும் இருக்குன்னு எழுதியிருக்க, மனசு வலிக்கும், விட்டுரு.

அண்ணன் மிரட்டுனது கிரிமினல் குற்றம், நியாய சன்ஹிதா 351. செல்வி பட்டியல் சாதின்னா, பொது இடத்துல சாதிப் பேர் சொல்லித் திட்டுனதுக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே இருக்கு. புகார் குடுக்குறதா வேணாமாங்கிறதை செல்வியும் அவ அப்பாவும் தான் முடிவு பண்ணணும், உனக்காக அவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு நீ எதிர்பார்க்கக் கூடாது. இப்போதைக்கு அவ தேதி, நேரம், பக்கத்துல நின்னவங்க பேரு எல்லாத்தையும் எழுதி வைக்கட்டும், தனியா பஸ் ஸ்டாண்டுல நிக்க வேணாம்.

இப்ப என்ன செய்யலாம்

நாளைக்கே ஓடிராத, தை வரைக்கும் கொஞ்சம் நாள் இருக்கு. எனக்குச் சரின்னு படுற வழி, வேலையைச் சாக்கா வச்சு வெளியூர் போறது. ஆடிட்டர் ஆபீஸ் அனுபவம் இருக்கு, சென்னை, திருச்சி, கோயம்புத்தூர்னு விண்ணப்பம் போடு, ஹாஸ்டல் தான்னு சொன்னா அப்பச்சி சில சமயம் இறங்கி வருவாரு. வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கான அரசாங்கத்தோட தோழி விடுதிங்க சென்னை, திருச்சி மாதிரி ஊர்கள்ல இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே ஊருக்குக் கிளம்பாதீங்க, செல்விக்கு லேப் வேலை எந்த ஊர்லயும் கிடைக்கும், அவ சில மாசம் கழிச்சு வரட்டும். இது ஒத்து வரலன்னாலோ கல்யாணத்தை முன்னாடி இழுத்தாலோ, அப்ப வீட்டை விட்டுப் போறது தான் வழி, அதுக்கும் இப்பவே தயாராகணும்.

பேங்க் முதல்ல. உன் அக்கவுண்டோட மொபைல் நம்பர் அண்ணனோடதுன்னு எழுதியிருக்க, அப்படின்னா ஓடிபி எல்லாம் அவருக்குத் தான் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்துல வேற பேங்க்ல ஒரு புது அக்கவுண்ட் திறந்து, அடுத்த சம்பளத்தை அதுல போடச் சொல்லி ஆபீஸ்ல கேளு. ஆதார்ல உள்ள நம்பரையும் மாத்தணும், அதுக்கு உன் பேர்ல ஒரு சிம் வேணும், அது செல்விகிட்ட இருக்கட்டும். மார்க் ஷீட், டிகிரி, பான், ஓட்டர் ஐடி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி புது மெயில் ஐடில போட்டு வை, ஒரிஜினலை ஒவ்வொண்ணா எடுத்து ஆபீஸ் டிராயர்ல சேர்த்து வை, மொத்தமா எடுத்தா தெரிஞ்சு போயிரும். பழைய போன்ல உன் கூகுள் அக்கவுண்டும் வாட்ஸப்பும் இன்னும் திறந்திருக்கும், பாஸ்வேர்டை மாத்தி எல்லா டிவைஸ்லருந்தும் வெளிய வந்துரு, இல்லன்னா நீ எங்க இருக்கன்னு போனே காட்டிக் குடுத்துரும்.

கிளம்புற அன்னைக்கு சிவகங்கை எஸ்.பி. ஆபீஸுக்கும் உங்க ஊர் ஸ்டேஷனுக்கும் ஒரே மாதிரி ரெண்டு கடிதம் ஸ்பீட் போஸ்ட்ல போடு: எனக்கு இத்தனை வயசு, சொந்த விருப்பத்துல போறேன், யாரும் கடத்தலை, நகை பணம் எடுக்கலை, என் உயிருக்கு இன்னார்கிட்டருந்து பயம் இருக்கு, பாதுகாப்பு வேணும். செல்வி பேர் அதுல வேணாம். போஸ்ட் ஆபீஸ் ரசீதைப் பத்திரமா வை. ஸ்டேஷன்ல கூப்பிட்டா தனியா போகாத, வக்கீலோட போ.

வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லன்னு கவலைப்பட்டிருக்க. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100 நம்பர், மதுரை கிளையிலயும் சட்டப் பணிகள் குழு இருக்கு. தங்க இடமில்லன்னா பெண்கள் உதவி எண் 181-க்கு அடிச்சா ஒன் ஸ்டாப் சென்டர்ல சில நாள் தங்க வைப்பாங்க. சென்னையில ஓரினம்னு தன்னார்வலர் குழு ஒண்ணு இருக்கு, உங்களை மாதிரி இருக்குறவங்களே நடத்துறது, தமிழ்லயும் எழுதுறாங்க, அவங்ககிட்ட பேசினா நீங்க ரெண்டு பேர் மட்டும் இப்படி இல்லங்கிறது புரியும்.

வீட்டை விட்டுப் போகாம அங்கயே இருந்து எதிர்த்து நிக்கணும்னு தோணுனாலும் வழி இருக்கு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் மருமகளுக்கு மட்டும் தான்னு நினைச்சிருக்க, கூட வாழ்ற அப்பா, அண்ணன் மேல மகளும் கேட்கலாம். அடிக்கிறது, அடைக்கிறது, சம்பளத்தைப் பிடுங்குறது எல்லாமே அதுல வரும், மாவட்ட பாதுகாப்பு அலுவலர்கிட்ட எழுதிக் குடுத்தா மாஜிஸ்திரேட்கிட்ட போகும்.

சொத்துல பேரை வெட்டிருவோம்னு ஆத்தா சொன்னதா எழுதியிருக்க. அப்பச்சி தானா சம்பாதிச்சதை அவர் இஷ்டப்பட்டவங்களுக்கு எழுதலாம், அதைத் தடுக்க முடியாது. ஆனா பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகன் மாதிரியே பிறப்புரிமை, தமிழ்நாட்டுல அது 1989-லயே வந்தாச்சு, 2005-ல நாடு முழுக்க, 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிருச்சு. வீட்டை விட்டுப் போனதால, யாரை விரும்புறங்கிறதால அது போகாது. "கோயில் விஷயத்துக்கு ஒரு கையெழுத்து"ன்னு சொல்லி விடுதலைப் பத்திரத்தை (பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குறது) நீட்டுவாங்க, படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத.

அப்பச்சி, ஆத்தா

அப்பச்சிக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, தெரிஞ்சா செத்துருவாருன்னு ஆத்தா சொன்னதை நீ அப்படியே நம்பிக்கிட்டு இருக்க. அவரோட இதய நோய் உன்னால வந்ததில்ல, அவர் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறதும் செக்கப் போறதும் தான் அவரைக் காப்பாத்தும். அவங்களை நான் கெட்டவங்கன்னு நினைக்கலை. பங்காளிங்க முகத்துல எப்படி முழிக்கிறது, கோயில்ல என்ன பேசுவாங்க, அண்ணனுக்குப் பொண்ணு குடுப்பாங்களான்னு அவங்க தூக்கம் போயிருக்கும். ஆனா அந்தப் பயத்துக்கு மருந்தா உன்னை ஒரு தெரியாத ஆளோட அனுப்புறது நியாயமில்ல. பூட்டுன வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு உண்மையைப் போட்டு உடைக்காத. வெளியூர்ல உனக்குன்னு ஒரு ரூம், ஒரு சம்பளம் வந்தப்புறம் ஒரு நல்ல கவுன்சலரை நடுவுல வச்சு பேசலாம், முதல்ல ஆத்தாகிட்ட, ஏன்னா அவங்க இத்தனை நாளா அப்பச்சிகிட்ட சொல்லாம வச்சிருக்காங்கன்னு நீயே எழுதியிருக்க. அது அவமானத்துக்குப் பயந்து மட்டும் இருக்கும்னு எனக்குத் தோணலை, உனக்கு அடி விழக் கூடாதுன்னும் இருக்கலாம். உடனே மாறுவாங்கன்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். சில வீட்டுல வருஷங்களாகுது, சில வீட்டுல கடைசி வரைக்கும் ஆகுறதில்ல, அதையும் தெரிஞ்சுக்கிட்டே முடிவெடு.

திங்கக்கிழமை பேங்க், புதன்கிழமைக்குள்ள அந்த 14-வது பிரிவுத் தாள். இதைப் படிச்சிட்டேன்னா செல்வியை விட்டு இதே முகவரிக்கு ஒரு வரி எழுதச் சொல்லு, பேர் வேணாம், "தாள் எழுதியாச்சு"ன்னு மட்டும் இருந்தா போதும். அண்ணன் ஆபீஸுக்குப் போக விடாம நிறுத்திட்டா செல்வி ஒரு நாள் கூடக் காத்திருக்காம 15100-க்கு அடிக்கணும், இதை இன்னைக்கே அவகிட்ட சொல்லி வச்சிரு.